காற்றுத் துப்பாக்கியின் குழல்

திருப்பதியிலிருந்து மேற்கே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால், 180 மீட்டர் உயரமுள்ள ஒரு பெரும்பாறைக் குன்றும், அதன் அடிவாரத்தில் மரம் சிறிதும் சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே எழுப்பப்பட்ட ராஜமஹாலும், அதைச் சூழ்ந்த சந்திரகிரிக் கோட்டையின் மதில்களும் கண்ணுக்குத் தென்படும். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று விஜயநகரம் பாழான பிறகு ஆரவீட்டு மரபினர் பெனுகொண்டாவிலும் பின்னர் இந்தச் சந்திரகிரியிலும் இருந்து அரசு செலுத்தினார்கள் என்பதும், 1782-இல் இக்கோட்டை ஹைதர் அலியின் வசமாகி, 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரையில் மைசூரின் கீழ் இருந்தது என்பதும் சரித்திரம் படித்தவர்கள் அறிந்த விஷயங்கள். இந்த இரண்டு நூற்றாண்டுக் காலமும் தென்னாட்டுக் கோட்டைகளைக் காத்தவர்களும் தாக்கியவர்களும் நம்பியிருந்தது கருமருந்து என்னும் பழைய வெடிமருந்தையே. துப்பாக்கியைச் சுட்டுவிட்டால் அன்றே குழலைக் கழுவித் துடைத்தாக வேண்டும் என்ற விதி, உலகத்துப் படைகள் அனைத்திலும் வேரூன்றியதற்கு அந்தக் கருமருந்தே காரணம்.

எடையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பும், பதினைந்து பங்கு கரியும், பத்துப் பங்கு கந்தகமும் கலந்த அந்தக் கலவை, எரியும்போது முழுவதும் வாயுவாக மாறிப் போய்விடுவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திடப்பொருளாகவே எஞ்சி, ஒரு பகுதி வெண்புகையாக வெளியேற, மிகுதி குழலின் உட்சுவரில் கரும்பசையாகப் படிந்துவிடுகிறது. அந்தப் படிவில் உள்ள பொட்டாசியம் கார்பனேட், காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. கூடவே இருக்கும் கந்தகச் சேர்மங்களோ அந்த ஈரத்தின் துணையால் இரும்பை அரிப்பவை. கொதிநீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, கொழுப்புத் தடவி வைத்தாலன்றிச் சில நாட்களிலேயே குழல் துருவேறிக் கெட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து வந்த பின்னும் இந்தத் தொல்லை தீரவில்லை; தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்புவதற்காக வைத்த பொட்டாசியம் குளோரேட், எரிந்த பிறகு சமையல் உப்பின் நெருங்கிய உறவான பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் தங்கிற்று. ஆகவே இரண்டு உலக யுத்தங்களிலும் சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டும், கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

அவர்களுக்கு அது அவசியம். ஆனால் காற்றுத் துப்பாக்கியில் வெடியுப்பும் இல்லை, கந்தகமும் இல்லை, குளோரேட்டும் இல்லை, தீயே இல்லை. அமுக்கப்பட்ட காற்று விரிந்து, ஒரு சிறிய ஈய ரவையைத் தள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவே. காற்றுத் துப்பாக்கிகளின் குழல்களுக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை, தீயால் இயங்கும் துப்பாக்கிக்கு உரிய ஒழுக்கத்தைத் தீயில்லாத துப்பாக்கியின்மேல் சுமத்துவதனால் விளைபவை என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதிகமாகத் தேய்க்கப்பட்டுக் கெட்ட குழல்களும், ஈரம் பட்டுக் கெட்ட குழல்களும் உண்டே ஒழிய, சுட்டுச் சுட்டு அழுக்கேறியதனாலேயே பாழாய்ப்போன காற்றுத் துப்பாக்கிக் குழல் மிக அரிது.

காற்றின் வலிமையால் சுடும் யுக்தி புதியதன்று. தென்னிந்தியாவில் வழங்கிய ஊதுகுழல்களைப் பற்றி, சென்னை மாகாணத்து மீன்துறையில் தலைமைப் பதவி வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், வளரி என்னும் எறிதடியையும் சேர்த்து 1924-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். சந்திரகிரி ஹைதரின் கைக்குப் போன அதே காலத்தில், 1780-ஐ ஒட்டி, ஆஸ்திரியப் படை ஜிராண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது என்பது வியப்புக்குரிய பொருத்தம். அதன் இரும்பு அடிக்கட்டையே காற்றுக் கலமாக இருந்தது. அதை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல் கைப்பம்பை அடிக்க வேண்டும். ஆனால் நிரப்பிவிட்டால், புகையும் இன்றிப் பெரிய ஓசையும் இன்றி இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். கலங்கள் கசிந்ததாலும், பழுதுபார்க்கக் கைதேர்ந்தவர்கள் கிடைக்காததாலும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. பராமரிக்க இயலாத கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் போர்க்களத்தில் பயன்படாது என்று அந்தப் படையினர் கண்டுகொண்டார்கள்.

இன்று காற்றுத் துப்பாக்கியின் உயர்ந்த ஸ்தானம் விளையாட்டு அரங்கில் இருக்கிறது. பத்து மீட்டர் காற்று ரைபிள் போட்டி 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தப் போட்டியில்தான் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றார். இவர்கள் குறிவைக்கும் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. பத்து மீட்டரில் அரை மில்லிமீட்டர் என்றால் தூரத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவு பிசகினாலும் புள்ளி குறையும் என்ற நிலையில், குழலின் உட்புறம் எப்படியிருக்கிறது என்பது அற்ப விஷயம் ஆகாது.

குழலின் உட்புறம் வழுவழுப்பான வெறும் துளை அன்று. நல்ல 4.5 மில்லிமீட்டர் குழல்களில் பெரும்பாலும் பன்னிரண்டு பள்ளங்கள், அவற்றிடையே பன்னிரண்டு மேடுகள், சாய்ந்த புரிகளாகக் குழலின் நீளமெங்கும் வெட்டப்பட்டிருக்கும். 450 மில்லிமீட்டர் நீளத்தில் அந்தப் புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். போட்டித் துப்பாக்கியிலிருந்து ரவை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது என்று கொண்டால், அது நொடிக்கு ஏறக்குறைய 378 சுற்றுச் சுழன்றுகொண்டு வருகிறது என்பது எளிய வகுத்தல் கணக்கு. அந்தச் சுழற்சியே ரவையின் அச்சைத் திசை மாறாமல் காக்கிறது. ரவை அரை கிராமுக்குச் சற்று மிகுந்த எடையுள்ளது. தட்டையான தலையும், ஒடுங்கிய இடையும், மெல்லிய பாவாடைபோன்ற பின்புறமும் கொண்டது. காற்றின் அழுத்தம் பின்புறத்தைச் சிறிதே விரியச் செய்வதால், அது புரிகளில் அழுந்திப் பதிந்து, காற்று பக்கங்களில் கசியாதவாறு அடைத்துக்கொள்கிறது. பல குழல்கள் நுனியருகே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அளவுக்குக் குறுகியிருக்கும். எல்லா ரவைகளும் வெளியேறும் தறுவாயில் ஒரே அளவாகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இனி இந்தக் குழலில் என்னதான் படிகிறது? முதலாவது ஈயம். எஃகோடு ஒப்பிட்டால் ஈயம் மிக மென்மையானது. நகத்தால் கீறினாலே தடம் விழும். ஆதலால் ரவை குழலைத் தேய்ப்பதில்லை. குழலே ரவையிலிருந்து மிக மெல்லிய ஈயத் தகட்டை உரித்து எடுத்துக்கொள்கிறது. அடுத்தது, ரவைகள் கறுக்காமல் இருக்கவும் எளிதாக வழுக்கவும் தயாரிப்பவர்கள் பூசும் கிராபைட்டு அல்லது மெழுகு. பிறகு, வில்சுருளால் இயங்கும் துப்பாக்கியானால், காற்றை அமுக்கும் பிஸ்டன் இருக்கும் பகுதியிலிருந்து ஒவ்வொரு வேட்டிலும் ஆவியாகத் தெறிக்கும் சிறிது எண்ணெய். இவற்றோடு, டப்பாவின் அடியில் சேரும் ஈயத் தூளும் வீட்டுத் தூசியும்.

இவை யாவும் தீயவை அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சூக்ஷ்மம். எஃகின் மேற்பரப்பை எவ்வளவு மெருகிட்டாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் நுண்ணிய கீறல்களும் குழிகளும் இருக்கும். முதலில் சுடும் சில பத்து ரவைகளின் ஈயமும் கிராபைட்டும் அந்தக் குழிகளை நிரப்பி, குழல் முழுவதும் ஒரே சீரான பூச்சாகப் பரவுகின்றன. பழகிய தோசைக்கல்லை நம் வீட்டுப் பெண்கள் ஏன் சாம்பலிட்டுத் தேய்க்க விடுவதில்லையோ, அதே காரணத்தினால் பழகிய குழலையும் தேய்த்துப் பளபளப்பாக்கலாகாது. நன்றாகத் துடைத்த குழலில் முதல் பத்து இருபது ரவைகள் சிதறி விழுவதும், பிறகு மெல்ல மெல்ல ஒன்றுகூடுவதும் துப்பாக்கி பழகியவர் அனைவரும் காணும் காட்சி. அந்தப் பூச்சு இருப்பது கேடில்லை. அது சமனற்றுத் திட்டுத்திட்டாகத் தடித்துவிடுவதே கேடு. ஒரு மேட்டில் தடிப்பும் மற்றொரு மேட்டில் வெறுமையும் இருந்தால் ரவை ஒரு பக்கம் அதிகமாக அமுங்கும்; அதன் எடைமையம் அச்சிலிருந்து விலகும்; நொடிக்கு 378 சுற்றுச் சுழலும் பொருளில் அந்தச் சிறு விலகலும் பத்து மீட்டரில் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே எப்போது துடைப்பது என்ற கேள்விக்கு நாட்காட்டி விடை சொல்லாது; குறியட்டைதான் சொல்ல வேண்டும். துப்பாக்கியை மணல் பையின்மேல் அசையாமல் தாங்கி, வழக்கமான ரவையால் ஐந்து வேட்டுச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்த்து, அட்டையில் தேதியிட்டுப் பத்திரப்படுத்தினால், சில மாதங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. துளைகள் அகன்று விழத் தொடங்கினால், உடனே குழலின்மேல் பழி போட வேண்டாம். முதலில் மரக்கட்டையைப் பிணைக்கும் திருகாணிகளையும், குறிபார்க்கும் கருவியின் திருகாணிகளையும் இறுக்கிப் பாருங்கள். அடுத்தபடியாக வேறு ஒரு டப்பாவின் ரவையைச் சுட்டுப் பாருங்கள். இவ்விரண்டாலும் தீராவிட்டால் அப்போது குழலைத் துடையுங்கள். போட்டியாளர்களில் சிலர் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் துடைக்கிறார்கள்; சிலர் ஐந்நூறு, ஆயிரம் வேட்டுக்கு ஒருமுறை துடைக்கிறார்கள்; இரு சாராரும் பதக்கம் பெறுகிறார்கள். வீட்டில் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் துப்பாக்கிக்கு, குறி கெட்டால் மட்டும் துடைத்தால் போதும் என்பேன். விதிவிலக்கு ஒன்று: புதிதாக வாங்கிய துப்பாக்கி. கப்பலிலும் கிடங்கிலும் துருப்பிடிக்காதிருக்கத் தொழிற்சாலையில் பூசிய கொழுப்பும், சில வேளை உலோகத் துகளும் அதில் இருக்குமாதலால், முதல் ரவையை இடும் முன்பே ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது.

துடைக்கும் முறையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக மனத்தில் இருத்த வேண்டியது குழலின் நுனிவாய் விளிம்பு. ரவையின் பின்புறம் அந்த விளிம்பை விட்டு அகலும் கணத்தில், பின்னாலிருந்து தள்ளும் காற்று சுற்றிலும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் வெளிப்பட வேண்டும். விளிம்பில் ஓரிடத்தில் மயிரிழை அளவு வடு இருந்தாலும், காற்று அந்த வழியாகச் சற்று முந்திப் பீறிட்டு, ரவையின் பாவாடையை ஒரு பக்கமாகத் தட்டிவிடும். குழல் முழுவதும் குறையின்றி இருந்து இந்த விளிம்பு மட்டும் சிதைந்தால், துப்பாக்கி குறி தவறும். இரும்புத் துடைப்புக் கோலை நுனிவாய் வழியே முன்னும் பின்னுமாகச் செலுத்துவது, ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பை அரத்தால் ராவுவதற்கு ஒப்பாகும். சிறுபிள்ளைகள் துப்பாக்கியை நுனி கீழாகச் சிமெண்டுத் தரையில் ஊன்றி நிற்பதும் அதே கேட்டைச் செய்யும்.

ஆகையால் கோலைத் தவிர்த்து நரம்பைக் கையாளுங்கள். மீன் தூண்டிலுக்கு உபயோகிக்கும் தடித்த நைலான் நரம்பில், குழலைப்போல் இரண்டரை மடங்கு நீளம் எடுத்து, இரண்டாக மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்துக் குழலுக்குள் செலுத்த வேண்டும். மடக்கித் திறக்கும் துப்பாக்கியானால் அடிவாயிலிருந்து நுனிக்கு அவற்றைத் தள்ளிவிடலாம். குழல் அசையாத வகையானால் நுனியிலிருந்து மடிப்புப் பகுதியைச் செலுத்தி, ரவை இடும் வாயில் அதை வெளியே எடுத்துக்கொள்ளலாம். எவ்வாறாயினும் துணி ரவை போகும் வழியிலேயே, அடிவாயிலிருந்து நுனிவாயை நோக்கி இழுக்கப்பட வேண்டும். பழைய மல் துணியில், அல்லது பலமுறை துவைத்த பருத்தி வேட்டியில், இரண்டு விரல் அகலச் சதுரம் ஒன்று கத்தரித்து, நரம்பின் மடிப்பில் கோத்து இழுங்கள். குழலில் துணி சிறிது தடையோடு வர வேண்டும். பலங்கொண்டு இழுக்கும்படி இறுகலாகாது. இழுக்கும்போது நரம்பு நுனிவாய் விளிம்பில் ஒரு பக்கமாக உராயாமல் குழலுக்கு நேராக வருமாறு பிடித்துக்கொள்வதில் கவனம் தேவை. நைலானும் அதில் ஒட்டிய மணல் தூளும் நாளடைவில் எஃகையும் அறுக்கும்.

முதல் துணி கறுப்பாக வரும். இரண்டாவது சாம்பல் நிறமாகும். நான்கைந்து துணிகளில் வெளுப்புத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். முற்றிலும் வெள்ளையாக வரும் வரையில் ஓயேன் என்று பிடிவாதம் செய்வது, மேலே சொன்ன நல்ல பூச்சையும் அகற்றுவதில்தான் முடியும். படிவு இறுகிப்போய் உலர்ந்த துணிக்கு அசையவில்லையானால், துணியின் ஒரு மூலையில் ஒரு துளி மெல்லிய துப்பாக்கி எண்ணெய் விட்டு இழுத்து, அதன் பின் எண்ணெய்ச் சுவடு நீங்கும் வரையில் உலர்ந்த துணிகளை இழுங்கள். பித்தளைத் தூரிகையும் மெருகுப் பசையும் வேண்டவே வேண்டாம். இந்த வேலை தொடங்கும் முன் துப்பாக்கியில் ரவை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதும், மடக்கித் திறக்கும் குழலை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொள்வதும், விசைவில்லில் விரல் படாமல் இருப்பதும் கட்டாயம். திறந்த குழல் வில்சுருளின் வலிமையால் திடீரென மூடிக்கொண்டால் விரல் எலும்பு முறியும்.

கம்பளி ரவை என்று ஒரு பொருள் கடைகளில் கிடைக்கிறது. அழுத்திச் செய்த கம்பளித் துண்டை ரவைபோல இட்டுச் சுட்டால் அது படிவைத் துடைத்துக்கொண்டு போய்விடும். முன்பே அமுக்கிய காற்றைக் கலத்தில் வைத்திருக்கும் போட்டித் துப்பாக்கிகளுக்கு இது நல்ல சாதனம். வில்சுருளால் இயங்கும் துப்பாக்கிக்கோ இதைத் தனியே இட்டுச் சுடுவது ஆகாது. அந்த வகையில், விசையை இழுத்த பிறகே பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்குகிறது. ரவையின் எடையும் இறுக்கமும் கொடுக்கும் தடையினால் எழும் காற்றழுத்தமே கடைசி நேரத்தில் பிஸ்டனுக்கு மெத்தையாகி அதன் வேகத்தைத் தணிக்கிறது. கம்பளி இலேசாகையால் தடை இல்லாமல் பறந்துவிடும். பிஸ்டன் வெறும் இரும்புச் சுவரில் மோதும். ரவையே இடாமல் சுட்டுப் பார்க்கும் சிறுவர்களின் விளையாட்டினால் பிஸ்டனின் வாஷர் கிழிந்து வில்சுருள் ஒடிவதும் இதே காரணம் பற்றியே.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றை வெப்பம் வெளியே போக நேரமில்லாதபடி சட்டென்று அமுக்கினால் அதன் உஷ்ணம் ஏறும். மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த மக்கள் இந்த உண்மையைக் கணிதமின்றியே கண்டு, மூங்கிலாலோ கொம்பாலோ செய்த சிறு குழாயில் உந்து கோலை வேகமாக அடித்து, அதன் நுனியில் வைத்த பஞ்சைத் தீப்பற்றச் செய்தார்கள். டீசல் எஞ்சின் இயங்குவதும் அதே தத்துவத்தால்தான். சந்திரகிரியின் சாதாரணப் பகல் வெப்பமான 30 டிகிரியில் உள்ள காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நொடிப்பொழுதில் அமுக்கினால், வெப்பம் சிறிதும் சிந்தாத பட்சத்தில், அதன் உஷ்ணம் 600 டிகிரியைத் தாண்டும் என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் சுவர்கள் கொஞ்சம் வெப்பத்தை விழுங்கினாலும், கனிஜ எண்ணெய்கள் 400 டிகிரியை எட்டுமுன்பே தாமாகத் தீப்பற்றுபவை. வில்சுருள் துப்பாக்கியின் அமுக்கறைக்குள் தையல் மெஷின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ போனால், வேட்டு ஓசை பட்டாசுபோல் ஆவதும், குழல் வாயில் புகை வருவதும் இதனால்தான். துப்பாக்கிக்குப் பலம் கூடிவிட்டது என்று சிலர் இதைக் கண்டு மகிழ்வது பெரும் தவறு. அந்தத் தீ ஒவ்வொரு வேட்டிலும் வாஷரைப் பொசுக்கி, வில்சுருளைப் பின்னுக்கு அறைந்து, ரவையின் வேகத்தையும் நிலையற்றதாக்குகிறது.

எனவே குழலில் எண்ணெய்த் துணி இழுக்கும்போது நுனி கீழ்நோக்கி இருக்கட்டும். எண்ணெய் வழிந்து காற்று வரும் துளைக்குள் இறங்கலாகாது. தையல் மெஷின் எண்ணெயை வெளிப்புற இரும்புக்கும் கீல்களுக்கும் தாராளமாக உபயோகிக்கலாம். வாஷருக்கு எண்ணெய் தேவைப்பட்டால், தயாரித்தவர்கள் குறிப்பிட்டதையே, அவர்கள் குறிப்பிட்ட அளவில் இட வேண்டும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சமையலறையோடு நிற்பது நலம். முன்னது காற்றுப் பட்டுப் பிசினாகத் தடிக்கும், பின்னது மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். 200 மடங்கு அமுக்கத்தில் காற்றை அடைத்து வைக்கும் கலத்துப் பக்கம் சாதாரண எண்ணெயும் கிரீஸும் எக்காரணத்தாலும் செல்லலாகாது. அங்கே நேரும் தீப்பற்றல் வாஷரோடு நிற்காது; ஆளையே காயப்படுத்தும்.

அடுத்த பகைவன் ஈரம். சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி வறட்டினாலும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சேஷாசல மலைத்தொடரில் மோதிக் கொட்டும்போது காற்றே நனைந்ததுபோல் ஆகிவிடும். 2021 நவம்பரில் ஸ்வர்ணமுகி பெருகித் திருப்பதியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வெள்ளக்காடாக்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் இரும்பின் துரு வேகம் கொள்கிறது. வியர்வையில் உள்ள உப்பு அதற்கு மேலும் உதவி செய்கிறது. குழலின் வெளிப்புறத்தில் காணும் கருநீலப் பூச்சு உண்மையில் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். நுண்துளைகள் உள்ளதால் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமே தவிர, எண்ணெய் இல்லாத இடத்தில் அது மட்டும் துருவைத் தடுத்துவிடாது. எனவே ஒவ்வொரு தடவை கையாண்ட பின்பும் எண்ணெய் தொட்ட துணியால் வெளியே ஒருமுறை துடைத்துவிடுங்கள். குழலின் உள்ளே இருக்கும் மெல்லிய ஈய, கிராபைட்டுப் பூச்சு ஓரளவு காப்புத் தரும். முற்றிலும் துடைத்து உலர்த்திய குழலே மழைக்காலத்தில் முதலில் துருவேறுவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பல மாதம் சுடாமல் வைக்கப்போவதாக இருந்தால் மட்டும், எண்ணெய் நனைத்த துணி ஒன்றை உள்ளே இழுத்து விட்டு, மறுபடி எடுக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்துச் சுடலாம்.

உறைக்குள் வைத்தால் பத்திரம் என்று எண்ணுவது தவறு. நுரைப்பஞ்சு வைத்த பெட்டியும் தோலுறையும் மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மாதக் கணக்கில் இரும்போடு ஒட்டவைத்து வளர்க்கும். காற்றோட்டமுள்ள, பூட்டுள்ள மர அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே மேல். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த துப்பாக்கியின்மேல் நீர்த்துளி அரும்புவதைக் கண்டால், அது வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும் வரையில் காத்திருந்து துடைத்த பின்பே அலமாரியில் வையுங்கள்.

கைப்பம்பால் காற்று நிரப்புகிறவர்கள் ஒரு கணக்கைக் கேட்க வேண்டும். கால் லிட்டர் கலத்தில் 200 மடங்கு அமுக்கத்தில் காற்று அடைத்தால் வெளிக்காற்று ஐம்பது லிட்டர் உள்ளே போகிறது. 30 டிகிரியில், ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதாக இருக்கும் மழைநாளில், ஐம்பது லிட்டர் காற்றில் ஏறக்குறைய 1.2 கிராம் நீராவி உண்டு. கால் லிட்டர் இடத்தில் அந்த வெப்பத்தில் ஆவியாக நிற்கக் கூடியதோ ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிகுதி நீராக மாறித்தான் தீர வேண்டும். பம்பின் நீர்ப்பொறியும் உலர்த்தியும் அதில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தும். அவற்றைக் கவனியாமல் விட்டால் அந்த நீர் கலத்துக்குள்ளும் வால்வுக்குள்ளும் தங்கிவிடும். சுடும்போது காற்று விரிந்து குளிர்வதனால் மிஞ்சிய ஈரமும் குழலில் பனியாகப் படியும். ஆகவே அமுக்கக் காற்றுத் துப்பாக்கியின் குழலைப் பேணுவது பம்பின் அடியில் உள்ள நீர்த்திருகைத் திறந்து வடிப்பதிலிருந்து தொடங்குகிறது. மழை நின்று காற்று உலர்ந்த நாளில் நிரப்பிக்கொள்வது இன்னும் நல்லது.

கடற்கரையிலும் திருவிழாக்களிலும் பலூன் சுடும் கடைகளில் வைத்திருக்கும் துப்பாக்கிகளை நினைத்தால் மனம் வருந்துகிறது. நாள் முழுதும் உப்புக் காற்றில் கிடந்து, குழலின் நுனி மரச்சட்டத்தில் உராய்ந்து, யார் யாரோ வெறுமனே சுட்டுப் பார்த்து அலுத்துப்போன கருவிகள் அவை. அந்தக் கடைக்காரர் இரவு மூடும்போது ஓர் எண்ணெய்த் துணியால் துடைத்து, நுனி மேலாகச் சாய்த்து வைத்தாலே அவற்றின் ஆயுள் பல ஆண்டுகள் நீளும்.

துப்பாக்கியை நன்றாகப் பேணுகிறவர் அதை எதன்மேல் நீட்டுகிறார் என்பதையும் பேண வேண்டும். சந்திரகிரிக்கு வடக்கே உயரும் சேஷாசலக் காடுகள் 2010-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. தேவாங்கும் பொன்பல்லியும் எத்தனையோ வகைப் பறவைகளும் அங்கே வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காற்றுத் துப்பாக்கியால் பறவையைச் சுடுபவருக்கும் பொருந்தும். அட்டையும் காலித் தகரமும் குறிக்குப் போதும்.

கடைசியாக, குழலிலிருந்து வெளிவரும் அந்தக் கறுத்த துணியைப் பற்றி. அதில் இருப்பது ஈயத் தூள். உடலில் ஈயம் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அது விசேஷமாகத் தீங்கு செய்வது. துடைத்த துணியைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள். அடுக்களை மேடையிலோ சாப்பிடும் பாயிலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். ரவையை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து இடும் வழக்கம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள். துப்பாக்கியை வைத்தவுடன், வேறு எதையும் தொடுமுன், சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.